ஒரு கிளிக்கு எவ்வளவு மெமரி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு மெமரி கூட்டுவது என்று ஒன்பது நாள் குழம்பியவள் நான். ஒன்பது நாள் கிடைத்தால் எங்கள் ஊரில் நூலை வாங்கித் துணியாக ஓட்டி, சாயம் போட்டு, வெட்டித் தைத்து, பெட்டியும் கட்டிவிடுவார்கள். நானோ ஒரு சாண் நீளம்கூட இல்லாத பச்சைப் பட்டையில் எட்டு ஜிபி வேண்டுமா, பதினாறு வேண்டுமா, முப்பத்திரண்டு வேண்டுமா என்று தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் பதினான்கு வருடமாக எது எவ்வளவு வேண்டும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

பனியன் கம்பெனியில் நான் மார்க்கர் போடுகிறவளாக இருந்தேன். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று ஒரு சட்டையின் பாகங்களைத் துணியின் அகலத்துக்குள் எப்படி நெருக்கி அடுக்கினால் துணி மிச்சமாகும் என்று கம்ப்யூட்டரில் பார்த்து, முழு அளவில் தாளில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளுக்குத்தான் மார்க்கர் என்று பெயர். கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் மார்க்கரை வைத்துக் கத்தியை ஓட்டுவார்கள். துணியோடு தாளும் துண்டு துண்டாகும். காலையில் நான் கொடுத்தது மதியத்துக்குள் வேஸ்ட் மூட்டையில் கிடக்கும். பதினான்கு வருடத்தில் நான் போட்ட மார்க்கர் ஒன்றுகூட இன்றைக்கு முழுதாக எங்கும் இல்லை. இது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை. உறைத்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

பாகங்களை என்னதான் நெருக்கினாலும் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்தச் சந்துகளில் பேனாவால் கிளி வரைவேன். ஏன் கிளி என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் இல்லை. கைக்குழிக்கும் கழுத்துக்கும் நடுவில் விழுகிற இடம் ஒரு கிளி உட்கார வாகாக இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரி மட்டும் அதை எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். பிறகு அவள் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் குழந்தைத் துணி ஆர்டர் எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். நானும் கழுத்து வலி என்று காரணம் சொல்லி வேலையை விட்டேன். கழுத்து வலித்தது உண்மைதான், ஆனால் அது காரணமில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆனபோது, ஒரு புதன்கிழமை அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, அந்த வேஸ்ட்டுல ஒரு கிளி போடுவீங்களே, அது எனக்கு வேணுமுங்க. குழந்தைக பைஜாமாவுக்குத் துணி முழுக்க ஓடோணும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபைலு பிரிண்டிங்குக்குப் போயாகோணுமுங்க. முடியலைன்னா சொல்லீருங்க, பழைய டிசைனு ஒண்ணு இருக்குது, அதையே ஓட்டிக்கறேன்."

முடியும் என்று சொல்லிவிட்டேன். மறுநாளே பழைய கம்பெனியிலிருந்தும் கூப்பிட்டார்கள். என் நாற்காலிக்கு வந்தவர் நின்றுவிட்டாராம். வருவதாக இருந்தால் அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். கிளி போனால் நான் இங்கே, கிளி போகாவிட்டால் நான் அங்கே என்று எனக்குள் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏதோ ஒரு குழந்தை என் கிளியைப் போட்டுக்கொண்டு எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்க வேண்டும். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், என் ஆசை அவ்வளவுதான்.

மண்ணரைப் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர், கம்பெனி புதிது வாங்கியபோது பழையது என்று கழித்துக் கொடுத்தது. உள்ளே நாலு ஜிபி மெமரி ஒன்று, பக்கத்தில் இன்னொன்று செருக ஒரு காலி இடம். கிளியை ஒரே நாளில் வரைந்துவிட்டேன். நன்றாகவே வந்தது. பிறகு அதைத் துணி முழுக்கப் பரப்ப வேண்டும் அல்லவா. எனக்குத் தெரிந்த வழியில் பரப்பினேன். மார்க்கர் போடுகிறவளுக்குத் துணி என்றால் டேபிளில் விரிக்கிற நீளம்தான். ஐந்து மீட்டர் நீளம், முழு அகலம் என்று திரையில் இடத்தை ஒதுக்கி, ஒவ்வொரு கிளியாக உட்கார வைத்துக்கொண்டே போனேன். முந்நூறு கிளி தாண்டியதும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. நானூறில் நின்றுவிட்டது. போதிய மெமரி இல்லை என்று ஒரு கட்டம் வந்தது. அதை நான் அப்படியே நம்பினேன்.

கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன்மையான மனிதர். முதலில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"என்ன உபயோகத்துக்குங்க அக்கா?"

துணிக்கு டிசைன் போட என்று நாக்கு நுனி வரை வந்தது. உடனே, அவர் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. வேஸ்ட்டில் கிளி போட்டவள் டிசைனர் ஆகிவிட முடியுமா?

"சும்மா ஊட்டு உபயோகந்தானுங்க," என்றேன்.

"அப்படீன்னா எட்டே தாராளமுங்க. படம் பாக்க, பாட்டுக் கேக்க, கரண்ட் பில்லு கட்ட, எட்டு வெச்சா மிச்சந்தானுங்க."

மிச்சம் என்று சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாங்காமல் திரும்பினேன்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே பயம்தான், பத்தாமல் போய்விடுமோ என்று. ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றால் ஆயிரத்துக்கு மட்டும் யாரும் துணி எடுப்பதில்லை. துணி ஓட்டுகிறவர் கொஞ்சம் கூட்டி ஓட்டுவார். சாயப்பட்டறைக்காரர் சுருங்கும் என்று தன் பங்குக்குக் கூட்டிச் சொல்வார். கட்டிங் மாஸ்டர் டேமேஜ் வரும் என்று மேலும் கொஞ்சம் கூட்டுவார். முன்னால் இருப்பவர் கூட்டியது தெரிந்தாலும் பின்னால் வருகிறவர் தன் பங்கை விடமாட்டார். இதற்கு எக்ஸஸ் என்று பெயர். மிஞ்சியது சர்ப்ளஸ் கடையில் தொங்கிவிட்டுப் போகிறது, குறைந்தால் அல்லவா மானம் போகும். நானும் இந்தப் பழக்கத்தில் ஊறியவள்தான்.

என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். சத்தத்தை வைத்தே எந்த ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"ஏம்புள்ள, எட்டுன்னு சொன்னா அது எக்ஸஸ் சேக்காத கணக்கு. நீ பத்தாப் போட்டுக்க."

"பத்துன்னு வராதுங்களாமா. எட்டை உட்டா பதினாறுதானுங்களாம்."

"அப்படீன்னா பதினாறு போடு. மெஷின் கேட்டுச்சுன்னா குடுத்துட்டுப் போறது."

என் தங்கை வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் சாஃப்ட்வேர் வேலை. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இன்னும் அஞ்சு வருசம் கழிச்சு யோசிச்சுப் பாருங்க, முப்பத்திரண்டு போட்டீங்கன்னா திரும்பிப் பாக்க வேண்டியதில்லீங்க," என்றார். ஐந்து வருடம் கழித்து யோசிப்பதா? எனக்கு வெள்ளிக்கிழமையே தெளிவாகத் தெரியவில்லை. செல்ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் வந்தவர், தேவைக்கு மேல் போடும் மெமரி சும்மாதான் கிடக்கும் என்றார். அடுத்த வீடியோவில் வந்தவர், குறைவாகப் போடுவதுதான் முட்டாள்தனம் என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி நம்பிக்கையோடு பேசினார்கள். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தேன். ஒரு பனியனுக்கு எத்தனை கிராம் துணி என்று கணக்குப் போடுகிற மாதிரி, ஒரு கிளிக்கு எவ்வளவு மெமரி என்று நோட்டில் கணக்குப் போட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரு கிளி, இலையோடு சேர்த்து, ஐந்து எம்பி. ஐந்து மீட்டர் துணிக்கு இரண்டாயிரத்து நூற்று எண்பது கிளி. அதன்மேல் எக்ஸஸ் ஐந்து சதவீதம். ஆகமொத்தம் பதினொன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு முடிந்ததும் மனசு நிம்மதியானது. செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய், பத்தே வராது என்று நானே சொன்னதை மறந்து, "பதினொன்னரை ஜிபி இருக்குங்களா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார். "அதை ரோல்ல அறுத்துத் தர முடியாதுங்க்கா. நாலு, எட்டு, பதினாறு, இப்படித்தான் வருமுங்க. உங்க பழைய நாலோட ஒரு எட்டைச் சேத்துப் போட்டா பன்னெண்டு ஆயிருமுங்க."

பன்னிரண்டு! என் கணக்குக்கு அரை ஜிபி மிச்சம்கூட வருகிறது. ஆனால் உடனே அடுத்த கவலை.

"பழசும் புதுசும் ஒரே லாட்டா இருக்காதுங்களே. சேத்துப் போட்டா ஷேடு மாறிப் போகாதுங்களா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஒரு சட்டையின் கையை ஒரு தடவை சாயம் போட்ட லாட்டிலும் உடம்பை வேறு லாட்டிலும் வெட்டிவிட்டு, நிறம் ஒட்டாமல் நாங்கள் பட்ட பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

"அதுல ஷேடு ஏதுங்க்கா. ஸ்பீடு ஒண்ணா இருக்கறதாப் பாத்துத் தர்றேனுங்க," என்றார். பிறகு கடைச் சீட்டை எடுத்து எழுதினார். உபயோகம் என்ற இடத்தில் வீடு, தொழில் என்று இரண்டு கட்டம் இருந்தது. என்னைக் கேட்காமலே வீடு என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்காரரே கழற்றிச் செருகிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் துள்ளிக்கொண்டு ஓடியது. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டாயிரத்து நூற்று எண்பது கிளிகளும் எக்ஸஸ் கிளிகளும் உட்கார்ந்துவிட்டன. அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு மிதப்பு.

மறுநாள் கலர் பிரித்தேன். பிரிண்டிங்குக்குக் கொடுக்கும்போது படத்தைப் படமாகக் கொடுக்க முடியாது. பச்சை தனி, சிவப்பு தனி, மஞ்சள் தனி என்று ஒவ்வொரு கலரையும் தனித்தனித் தகடாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். என் கிளிக்கு ஆறு கலர். மூன்றாவது கலரில் கம்ப்யூட்டர் மறுபடி நின்றது. அதே கட்டம், அதே வாக்கியம். மூன்று தடவை அணைத்துப் போட்டேன், மூன்று தடவையும் அதே. ஆறு கலரை என் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அப்படியானால் முப்பத்திரண்டா? அறுபத்து நாலா? இந்தப் பெட்டி அவ்வளவு தாங்குமா? யாரைக் கேட்பது? என்னவென்று கேட்பது? வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர், "ஒரு பதினாறு போட்டிருக்கலாம்," என்றார். அவரிடம் சண்டை போட்டேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை பஸ் ஏறி வீரபாண்டிக்குப் போனேன். என் கிளியை அச்சடிக்க வேண்டிய பிரிண்டிங் யூனிட் அங்கேதான் இருந்தது. ஃபைல் வராது என்று நேரில் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் பழைய கம்பெனியிலும் தலையைக் காட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பிரிண்டிங் மாஸ்டர் தெற்கே மதுரைப் பக்கத்துக்காரர். கை முழுக்கச் சாயக் கறை. நான் வீட்டில் சின்னதாக அச்செடுத்து வந்த தாளைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கிளி நல்லாத்தான் இருக்கு. என்னம்மா இது, ரயில் தண்டவாளம் மாதிரி நீட்டிக்கிட்டே போகுது?"

"அஞ்சு மீட்டருங்க. அது போக அஞ்சு பர்சன்ட் எக்ஸஸ் சேத்திருக்கறேனுங்க. அதான் கம்ப்யூட்டர் தாங்க மாட்டேங்குது. இன்னும் எவ்வளவு மெமரி போடோணும்னே தெரியலீங்க."

"படத்துக்கு எக்ஸஸா?"

"ஆமாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சிரித்து முடித்தவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அங்கே நிக்கலில் செய்த நீளமான உருளைகள் வரிசையாக நின்றன. கலருக்கு ஒன்று. ஒன்றைப் பிடித்துக் கையாலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இதான் ஸ்கிரீன். ஒரு சுத்துக்கு அறுபத்து நாலு சென்டிமீட்டர். சுத்தி முடிச்சா மறுபடி மொதல்ல இருந்து அதேதான் வரும். அஞ்சு மீட்டர்னாலும் சரி, அஞ்சாயிரம் மீட்டர்னாலும் சரி. எனக்கு ஒரு சுத்து குடும்மா. அகலத்துக்கும் அவ்வளவுதான், அதையே பக்கத்துல பக்கத்துல அடுக்கிக்கிருவேன். கீழ முடியிற கிளி மேல ஆரம்பிக்கிற கிளியோட சேரணும், அதை மட்டும் பாத்துக்க."

நான் அந்த உருளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினான்கு வருடம் பிரிண்ட் துணியை வெட்ட மார்க்கர் போட்டிருக்கிறேன். அந்தப் பிரிண்ட் எப்படித் துணியில் விழுகிறது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. எனக்குத் துணி வரும்போதே பூவோடு வரும், நான் நீளத்தை மட்டும் பார்ப்பேன். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான், அடுத்த செக்‌ஷன் வாசலைத் தாண்டியதில்லை. என்மேலேயே கோபம் வந்தது. கூடவே, அழுகை முட்டுகிற அளவுக்கு ஆறுதலும் வந்தது. திரும்பும் வழியில் பழைய கம்பெனி வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கிளிகளை அழிக்க உட்கார்ந்தேன். ஆயிரக்கணக்கான கிளிகளை ஒவ்வொரு கட்டாகத் தேர்ந்தெடுத்து நீக்கும்போது கொஞ்சம் பாவமாக இருந்தது. கடைசியில் நூறு கிளி மிஞ்சியது. இடையில் அறுபட்ட ஒரு கிளிக்குத் தலை கீழ் ஓரத்தில் நின்றது, வால் மேல் ஓரத்தில் கிடந்தது. அந்த இரண்டையும் பொருத்துவதற்கு மட்டும் அரை நாள் ஆனது. கலர் பிரித்தேன். ஆறும் வந்தன. சந்தேகம் தீராமல், புதிதாகப் போட்ட எட்டைக் கழற்றச் சொல்லி, பழைய நாலை மட்டும் வைத்துத் திறந்து பார்த்தேன். கொஞ்சம் திணறிவிட்டு அதுவும் திறந்தது! அப்படியானால் நான் ஒன்பது நாள் எதற்குக் குழம்பினேன்? மெமரி போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது பொய்யா, உண்மையா? இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஃபைலை அனுப்பினேன்.

அடுத்த புதன்கிழமை காலை, முதலில் அடித்துப் பார்த்த மாதிரித் துணியை மாஸ்டர் கொடுத்தனுப்பினார். ஒன்றரை மீட்டர் இருக்கும். கட்டில்மேல் விரித்துப் போட்டு, எந்த இடத்தில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்துத் தேடினேன். கிடைக்கவில்லை. போட்ட எனக்கே அந்தச் சேர்மானம் தெரியவில்லை. துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். சாய வாடை அடித்தது.

அன்றுதான் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். கிளி கேட்ட தோழி இன்னும் துணியைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பிடிக்குமா, அடுத்த வேலை வருமா, ஒன்றும் தெரியாது. குழப்பத்தில் இருக்கும்போது கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும் என்று, அந்த எட்டு ஜிபியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குக் கிளம்பினேன்.

கடைக்காரர் பழைய சீட்டைத் தேடி எடுத்தார். "ஏனுங்க்கா, ஊட்டு உபயோகத்துக்கு நாலே போதுமாயிருச்சுங்களா?"

சீட்டில் வீடு என்ற கட்டத்தில் அவர் அடித்த டிக் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது.

"அது நான் தப்பாச் சொல்லிட்டேனுங்க," என்றேன். "ஊட்டு உபயோகம் இல்லீங்க. தொழிலுங்க. துணிக்கு டிசைன் போடறேனுங்க."

எங்கே படித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "அடடா, அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே. எத்தன கலரு போடுவீங்க? ஃபைலு எவ்வளவு பெரிசு வருமுங்க?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. யோசித்துவிட்டு, "அப்படீன்னா இதைத் திருப்பாதீங்க, வெச்சுக்கங்க. நாளைக்குப் பத்துக் கலருல ஒண்ணு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். அவரும் இந்த ஊர்க்காரர்தான், அவர் பங்குக்கு எக்ஸஸ் சேர்க்காமல் விடுவாரா? வீடு என்று இருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தொழிலில் டிக் அடித்தார். நான் மெமரியை மறுபடி பைக்குள் போட்டேன்.

பைக்குள் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து, ஆள் எடுக்கும் அம்மா.

"என்னுங்க, வர்றீங்களா?"

"வரலீங்க."

"வேற கம்பெனியில சேந்துட்டீங்களா?"

"இல்லீங்க. ஊட்டுலதானுங்க."

"ஊட்டுல என்னுங்க பண்றீங்க?"

"கிளி வரையறேனுங்க."

எதிர்முனையில் அந்தம்மா சிரித்தார். கடைக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். நானும் சிரித்தேன், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.